ஐந்து கிலோ சிப்பாய்

2023 ஜூன் 4, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி ஏழு நிமிடத்துக்கு, செவல்குடி தனலட்சுமி மகாலில், முப்பத்திரண்டு காய்களும் தத்தம் கட்டங்களில் நிற்க, பதினைந்து வயது அ. ஹேமதர்ஷினி தன் ராஜாவுக்கு முன்னால் இருந்த வெள்ளைச் சிப்பாயைத் தூக்கப் போனாள். சிப்பாய் வரவில்லை.

பிளாஸ்டிக் சிப்பாய்தான். அடியில் பச்சை வெல்வெட் ஒட்டி, திருச்சியில் பை நிறையப் போட்டு விற்கிற சாதாரணச் சிப்பாய். முந்தின சுற்றில் அதே சிப்பாயை அதே கையால் அவள் தூக்கியிருந்தாள். இப்போது விரல் வழுக்கியது. இன்னொரு கையையும் சேர்த்துக்கொண்டு, நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, கனத்த பீரோவை நகர்த்துகிறவர்களைப் போலத் தோளைக் கொடுத்து இரண்டு கட்டம் தள்ளினாள். விரிப்பு சுருண்டது. எதிரில் இருந்த கரூர்ப் பையன் கையைத் தூக்கினான்.

நடுவர் ஞானசேகர் வந்தார். தபால் துறையில் ஓய்வு பெற்றவர். விதிப் புத்தகத்தைச் சட்டைப்பையில் வைத்திருந்தாலும் அதை எடுத்துப் பார்க்கத் தேவைப்படாதவர்.

"சார், ரெண்டு கையால நகத்துறா சார்."

"ஒரு கையாலதாம்மா ஆடணும். எந்தக் கையால ஆடுறியோ அதே கையாலதான் கடிகாரத்தையும் அமுக்கணும்."

"தூக்க வரல சார். கனமா இருக்கு."

"தொட்டுட்டியா?"

"தொட்டுட்டேன் சார்."

"தொட்டா நகத்தித்தான் ஆகணும். அது விதி." சொல்லிவிட்டு, விரிப்பை நேராக்குவதற்காக அந்தச் சிப்பாயை இரண்டு விரலால் எடுக்கப் போனார். எடுக்க முடியவில்லை. நிமிர்ந்தார். யாராவது பார்த்தார்களா என்று பார்த்தார். பிறகு, இரண்டு கைகளைப் பயன்படுத்தியதற்காக அந்தப் பெண்ணுக்கு ஓர் எச்சரிக்கை எழுதினார்.

ஆட்டம் முடிந்ததும் மகாலின் சமையற்கட்டிலிருந்து காய்கறி நிறுக்கிற தராசு வந்தது. சிப்பாய் ஐந்து கிலோ இருந்தது. மற்ற காய்கள் இன்னும் அதிகம். அவள் கை படாத கறுப்புக் காய்கள் மட்டும் எப்போதும் போல இருந்தன. மகால் மேலாளர் ஓடிவந்து, "இதெல்லாம் வாடகை மேசைங்க, கால் ஒடஞ்சா யாரு பொறுப்பு?" என்று கேட்டார். அந்த அதிசயத்தைப் பற்றி ஊர் கேட்ட முதல் கேள்வி அது. இரண்டாவது கேள்வியும் அந்தப் பெண்ணைப் பற்றியது அல்ல. அடுத்த சுற்று எத்தனை மணிக்கு என்பது.

ஏனென்றால் அவள் ஜெயித்திருந்தாள். தோற்றிருந்தால் ஒருவேளை யாராவது அவள் கையைப் பிடித்துப் பார்த்திருப்பார்கள், முகத்தைக்கூடப் பார்த்திருப்பார்கள். உள்ளங்கை சிவந்து, தோள்பட்டை நடுங்க, காய்களைத் தள்ளித் தள்ளியே அவள் கரூர்ப் பையனை ஜெயித்துவிட்டதால், விஷயம் கஷ்டமானது, ஆனால் முடியாதது அல்ல என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். முடிவு செய்த பிறகு ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

செவல்குடி சின்ன வெங்காயத்துக்குப் பேர் போன ஊர். மண்டித் தெருவில் நடந்தால் கண் எரியும். எந்த ஆண்டு என்று யாருக்கும் சரியாக நினைவில்லாத ஓர் ஆண்டில் யாரோ ஒரு பையன் சென்னையில் செஸ் கோப்பை வாங்கி வந்தான். அதிலிருந்து பேருந்து நிலையத் தரையில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டார்கள், சலூன் கண்ணாடியில் குதிரைப் படம் ஒட்டினார்கள், பெண் கொடுக்க வருகிறவர்கள் பையனுடைய செஸ் ரேட்டிங்கைக் கேட்டார்கள், ஆறு வயதாகியும் ராணி எந்தப் பக்கம் நிற்கும் என்று தெரியாத குழந்தையை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஹேமதர்ஷினியின் அப்பா அழகுராஜா தாலுகா அலுவலகத்துக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். கெட்டவர் அல்ல. மகள் ஆடிய ஒவ்வொரு ஆட்டத்தையும் ஜெராக்ஸ் போட்டு அடுக்கி வைத்தவர், மகளுக்குக் காய்ச்சல் என்றால் இரவெல்லாம் உட்கார்ந்தவர், காய்ச்சல் விட்ட காலையில் நாலரை மணிக்கு எழுப்பிக் கணினி முன்னால் உட்கார வைத்தவர். எங்கோ வேறு தேசத்தில் அப்போது சாயங்காலமாம். அங்குள்ள பிள்ளைகள் விளையாடத் தயாராக இருப்பார்களாம்.

அந்தப் பெண் எட்டாண்டுகளாகக் கண்ணை மூடினால் கட்டங்களைப் பார்த்தாள். குளியலறைத் தரையில் குதிரைகள் தாவின. தோழி ஒருத்தி "வாடி ஐஸ் சாப்பிடலாம்" என்று கூப்பிட்டால், வருகிறேன் என்றால் அவள் என்ன சொல்வாள், அதற்குத் தான் என்ன சொல்ல வேண்டும், அதற்கு அவள் என்ன சொல்வாள் என்று யோசித்து முடிப்பதற்குள் ஐஸ் வண்டி போய்விடும். அவள் சொல்லாமல் இல்லை. ஐந்தாம் வகுப்பில் சொன்னாள். "எனக்கு செஸ் வேணாம்பா." அப்பா அவள் தலையைத் தடவி, "இந்த ஒரு டோர்னமென்ட் மட்டும் தங்கம்" என்றார். எட்டாம் வகுப்பில் அம்மாவிடம் சொன்னாள். அம்மா ராஜலட்சுமி தோசைக் கரண்டியோடு திரும்பி, "ரெண்டாயிரம் ரேட்டிங் வந்துரட்டும்டி, அப்புறம் யாரு கேக்கப் போறா" என்றாள். ரெண்டாயிரம் வந்தது. வந்ததும் அது ஒரு வாசற்படி என்று தெரிந்தது. இந்த ஒரு டோர்னமென்ட் மட்டும், இந்த மாநிலப் போட்டி மட்டும், இந்தப் பட்டத்துக்கான புள்ளி மட்டும், இந்த லீவு மட்டும் என்று ஒவ்வொரு மட்டுமாக அவள் மேல் அடுக்கினார்கள். அடுக்கினதெல்லாம் எங்கே போகும்? காய்க்குள் போனது. அவ்வளவுதான் நடந்தது. இதில் விளங்காதது எதுவும் இல்லை, விளங்கிக்கொள்ள விருப்பம் இருந்தால்.

எந்த செட்டாக இருந்தாலும் அப்படித்தான் ஆனது. கடையிலிருந்து பிரித்த புது செட் முதல் ஆட்டத் தொடக்கத்தில் இறகு போல இருக்கும், முடிவில் கல்லாகிவிடும், அப்புறம் யார் கைக்கும் அதே கல்தான். ஒவ்வொரு போட்டிக்கும் கனம் கூடியது. கணினியில் ஆடச் சொன்னார்கள். இரண்டாம் நாள் மவுஸ் மேசையோடு ஒட்டிக்கொண்டது, மேசையைச் சாய்த்தாலும் விழவில்லை.

ஊர் பழகிக்கொண்டது. பழகிக்கொள்வதில் செவல்குடியை மிஞ்ச ஊர் கிடையாது. பழைய செட்டுகளின் சிப்பாய்கள் வெங்காய மண்டிக்குப் படிக்கல்லாகப் போயின. தேய்மானம் இல்லை, துரு இல்லை என்று வியாபாரிகள் மெச்சினார்கள். தாலுகா அலுவலகத்தில் மின்விசிறிக்கடியில் பறக்கிற காகிதங்கள் மேல் குதிரைகள் உட்கார்ந்தன. மாரியம்மன் கோயில் பந்தல் கயிற்றை இரண்டு யானைகள் பிடித்துக்கொண்டன. இட்லிக்கடை கதவு காற்றில் அடிக்காமல் ஒரு மந்திரி நின்றார். ஆடிக் காற்று வந்தபோது, பேருந்து நிலையத்தில் ஹேமதர்ஷினியின் படம் போட்டு 'செவல்குடியின் சிங்கமே' என்று அடித்திருந்த பேனர் படபடத்துக் கிழியப் பார்த்தது. அதன் நான்கு மூலையிலும் அவள் ஆடி முடித்த நான்கு சிப்பாய்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். பேனரில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அது ஏழாம் வகுப்பில் எடுத்த படம்.

வைத்தியம் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. பெரம்பலூரில் ஒரு டாக்டர் இரண்டு கைகளையும் மடக்கி நீட்டிப் பார்த்தார்.

"கையில ஒண்ணும் இல்லீங்க. தூக்கம் எப்படிம்மா?"

"கண்ணை மூடினா கட்டம் தெரியுது டாக்டர்."

"கொஞ்ச நாள் ரெஸ்ட் குடுங்க."

"கைக்கா டாக்டர்?" என்று அழகுராஜா கேட்டார்.

டாக்டர் அவரை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, கூட்டம் இருந்ததால், கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

பிறகு உடற்பயிற்சிக் கூடம். அதிகாலை ஆட்டத்துக்கும் பள்ளிக்கும் நடுவில் ஒரு மணி நேரம் அவளை எடை தூக்க வைத்தார்கள். தினம் நான்கு முட்டை வெள்ளைக்கரு. ஜோசியர் சனி பார்க்கிறான் என்றார். பள்ளிக்கூடத்துக்கு வந்த தன்னம்பிக்கைப் பேச்சாளர், மேடையில் அவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "கனமான காயைத் தூக்குறவதான் கனமான பட்டத்தைத் தூக்குவா!" என்றார்; கைதட்டச் சொல்லி ஆசிரியர்கள் சைகை காட்ட, பிள்ளைகள் கைதட்டினார்கள். கோச் தேவசகாயம் நல்ல ஆட்டக்காரர், தன் காலத்தில் மாநில அளவில் ஆடியவர், தனக்குக் கிடைக்காத பட்டம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவர். அவர் அவளைத் தனியாக உட்கார வைத்து, "கனம் காயில இல்லம்மா, மனசுல" என்றார்.

"அப்ப நீங்க தூக்குங்க சார்" என்றாள் அவள்.

அவர் தூக்கவில்லை. மரியாதை குறைகிறது என்று அப்பாவிடம் புகார் போனது.

வழி கண்டுபிடித்தவர் ஞானசேகர்தான். விதியில் இடம் இருந்தது: காயை நகர்த்த உடல் இடம்கொடுக்காத ஆட்டக்காரர் ஓர் உதவியாளரை வைத்துக்கொள்ளலாம், ஆட்டக்காரர் கட்டத்தைச் சொல்ல வேண்டும், உதவியாளர் நகர்த்த வேண்டும். அதற்கு ஒரு மருத்துவச் சான்றிதழ் தேவைப்பட்டது. நல்ல இரண்டு கைகள் உள்ள பெண்ணுக்குக் கை விளங்காது என்று சான்றிதழ் வாங்கினார்கள். ஊரில் யாரும் முகம் சுளிக்கவில்லை. சான்றிதழை லேமினேட் செய்துகொடுத்தது அவள் அப்பாவின் கடை.

உதவியாளராக மண்டியிலிருந்து சுமைதூக்கும் கொளஞ்சி வந்தார். தலையில் துண்டு, கழுத்து எருதுக் கழுத்து, வெங்காய வாசனை. செஸ் என்றால் குதிரை இருக்கும் என்பது மட்டும் அவருக்குத் தெரியும்.

"பாப்பா, இந்த யானைய எங்க எறக்கணும்?"

"அந்தக் கடைசிக் கட்டத்துலண்ணே."

"குறுக்கால போவுமா?"

"நேராத்தான் போகும்."

"பரவால்ல, ஒழுங்கான சரக்கு. இந்தக் குதிரைதான் எங்க மேஸ்திரி மாதிரி, எந்தப் பக்கம் திரும்புவான்னே தெரியல."

அவள் சிரித்துவிட்டாள். ஞானசேகர் ஓடிவந்து, "ஆட்டத்துல பேசக்கூடாது" என்றார்.

"மூட்ட தூக்குறவன் நாலு வார்த்த பேசாம எப்படிங்க சார் தூக்குவான்? மூச்சுப் புடிச்சுக்கும்" என்றார் கொளஞ்சி. அவர் காய் நகர்த்திய அந்த ஐந்து மாதத்தில் அவள் ஆட்டத்தின்போது சிரித்தது அவர் பேச்சுக்கு மட்டும்தான் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பார்த்தவர்கள், அவள் கவனம் சிதறுகிறது என்று கவலைப்பட்டதாகவும் சொல்கிறார்கள்.

சேலம், மதுரை, ஓசூர் என்று போட்டிகள் நடந்தன. அவள் ஜெயித்தாள், ஜெயித்ததால் காய்கள் கனத்தன, கனத்ததால் அவளைப் பற்றி நாளிதழ்களில் வந்தது, நாளிதழ்களில் வந்ததால் இன்னும் போட்டிகளுக்கு அழைத்தார்கள். தீபாவளியன்று அவள் அம்மாவிடம் மூன்றாவது முறையாகச் சொன்னாள், இந்த முறை அழாமல், கணக்குப் பாடத்தில் விடை சொல்வது போல: "எனக்கு வேணாம்மா. நான் நிறுத்திக்கிறேன்." வீட்டில் விருந்தாளிகள் இருந்தார்கள். "நல்ல நாளும் அதுவுமா" என்றாள் ராஜலட்சுமி.

தீபாவளி முடிந்து தனலட்சுமி மகாலில் நடந்த போட்டியில் ராணி ஐம்பது கிலோவைத் தாண்டியது. கொளஞ்சி அதைத் தூக்கிக் கட்டத்தில் வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். மறுநாளே சுமைப்பணித் தொழிலாளர் சங்கச் செயலாளர் நான்கு பேரோடு மகாலுக்கு வந்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போட்டிக் குழுவினர் முன்னால் நின்றார்.

"அம்பது கிலோவுக்கு மேல ஒத்த ஆளு தூக்கக் கூடாதுங்க. சங்கத்துல பேசி வெச்ச அளவு. எங்க ஆளுக்கு நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவன் பொண்டாட்டி புள்ளைக்கு யாரு பதில் சொல்றது?"

"தப்புத்தான், தப்புத்தான்" என்றார் குழுத் தலைவர். நாற்காலி போட்டார்கள். டீ வந்தது. கொளஞ்சிக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளப் பத்து நாள் ஓய்வும், அதுவரை வேறு ஏற்பாடும் செய்து தருவதாக ஒரே மூச்சில் ஒப்புக்கொண்டார்கள். நியாயமான கோரிக்கை, நியாயமாகவே முடிந்தது. ஓரத்தில் நின்ற ஹேமதர்ஷினி முன்னால் வந்து செயலாளரிடம் கேட்டாள்:

"என்னையும் உங்க சங்கத்துல சேத்துக்குவீங்களா?"

செயலாளர் சிரித்தார். கொளஞ்சி இடுப்பு வலியோடு சிரித்தார். குழுத் தலைவர், கோச், டீ கொண்டுவந்தவர் எல்லோரும் சிரித்தார்கள்.

"பதினெட்டு வயசு ஆவணும் பாப்பா" என்றார் செயலாளர், நல்ல மனசோடு. "சின்னப் புள்ளைங்கள வேலைக்கு வெக்கக் கூடாது. சட்டம் இருக்குல்ல?"

அவள் சிரிக்கவில்லை. அத்தனை பெரியவர்கள் இருந்த அந்த இடத்தில் அந்த வாக்கியத்தைக் கேட்டு டீயைக் கீழே வைத்தவர் ஒருவர்கூட இல்லை.

வேறு ஏற்பாடு என்பது செயின் பிளாக். லாரிப் பட்டறைகளில் என்ஜினைத் தூக்குகிற சங்கிலிக் கப்பி. கல்யாணங்களில் பூ ஊஞ்சல் கட்டுகிற இரும்பு உத்தரத்தில் அதை மாட்டினார்கள். கொளஞ்சி சங்கிலியை இழுத்தால் போதும். ஒரு வலைப்பை இறங்கிக் காயைக் கவ்வி, ஏறி, நகர்ந்து, இறங்கும். மேசைக்குப் பதிலாக, குவாரி முதலாளி ஒருவர் பளபளப்பாக அறுத்த கருங்கல் பலகையைக் கொடுத்தார். அதன் விளிம்பில் கொடுத்தவர் பெயரும் அவர் தாய் தந்தையர் பெயரும் செதுக்கியிருந்தன. ஆட்டக்காரி பெயருக்கு இடம் இல்லை.

2024 ஜனவரி 21, ஞாயிறு. பட்டத்துக்கு ஒரு வெற்றி பாக்கி. எதிரில் நாமக்கல்லிலிருந்து வந்த பிரகதீஸ்வரி, அதே வயது, கண்ணுக்குக் கீழே அதே கறுப்பு. பலகையைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஊரே நின்றது. கடைகளை அடைத்துவிட்டு வந்திருந்தார்கள், பட்டாசுச் சரத்தை வாசலில் விரித்து வைத்திருந்தார்கள். மூன்றரை மணி நேரம் சங்கிலி கிறீச்சிட்டது. மூன்றரை மணி நேர முடிவில் கறுப்பு ராஜா மூலையில் மாட்டிக்கொண்டது. ராணியை எடுத்து எதிரில் வைத்தால் முடிந்தது. பூக்கட்டுகிற பெண்களுக்குக்கூட அது தெரிந்தது.

ஹேமதர்ஷினி ராணியின் தலையில் விரலை வைத்தாள். முதலில் காயைத் தொட்டுவிட்டு, கட்டத்தைச் சொல்வது அவள் வழக்கம். கொளஞ்சி வலைப்பையை இறக்கினார். அவள் கட்டத்தைச் சொல்லவில்லை. விரலை எடுக்காமல் அப்படியே இருந்தாள். ராணியின் பிளாஸ்டிக் கிரீடம், அவள் விரல், அவள் மணிக்கட்டில் அம்மா கட்டிய கறுப்புக் கயிறு, இவற்றை மகால் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

"எங்க பாப்பா?" என்றார் கொளஞ்சி.

"வேணாம்ணே. தூக்காதீங்க" என்றாள். பிறகு நடுவர் பக்கம் திரும்பி, "சார், நான் தோல்விய ஒத்துக்கிறேன்" என்றாள்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் கோச் கயிற்றைத் தாண்டிக் குதித்தார். "அவ டென்ஷன்ல சொல்றா சார், அத எடுத்துக்காதீங்க!" அழகுராஜா அதற்கும் மேலே போனார். தொண்டை நரம்பு புடைக்க அவர் கத்தியது கடைசி வரிசைக்கும் கேட்டது: "தொட்டுட்டா சார்! எல்லாரும் பாத்தோம்! தொட்டா நகத்தித்தான் ஆகணும்!"

"தொட்டா நகத்தணும்! தொட்டா நகத்தணும்!" என்று கூட்டம் பிடித்துக்கொண்டது. பேரன் பேத்தி எடுத்தவர்கள், பள்ளி ஆசிரியர்கள், கல்லைக் கொடுத்தவர், பாலூட்டிக்கொண்டிருந்த பெண்கள் என்று ஒரு பெண்பிள்ளையை ஒரு விதியால் அடிக்க அவ்வளவு பேருக்கும் வாய் இருந்தது. அவள் சொன்னதைக் கேட்கத்தான் காது இல்லை.

ஞானசேகர் சட்டைப்பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தார். அவர் அதைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் புரட்டினார். கூட்டம் அடங்கும்வரை காத்திருந்து, பார்சல் முகவரி படிக்கிற குரலில் படித்தார்.

"ஆட்டக்காரர் எந்த நேரத்திலும் தோல்வியை ஒப்புக்கொள்ளலாம். ஒப்புக்கொண்ட அந்தக் கணமே ஆட்டம் முடிந்தது." கண்ணாடியைக் கழற்றினார். "தொட்டிருந்தாலும்தான்."

அவர் இரக்கப்பட்டுச் சொல்லவில்லை. புத்தகத்தில் இருந்ததால் சொன்னார். செவல்குடியில் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த முதல் நீதி அப்படி, அச்சில் இருந்ததால் மட்டும் கிடைத்தது.

அவள் எழுந்து கை நீட்டினாள். பிரகதீஸ்வரி அந்தக் கையைப் பிடித்தவள் விடவில்லை. குனிந்து, உதடு அசையாமல் சொன்னாள்: "எனக்கும் கொஞ்ச நாளா குதிரை கனமா இருக்கு. வீட்ல சொல்லல. யார்கிட்டயும் சொல்லிடாத."

"சொல்லு" என்றாள் ஹேமதர்ஷினி. "சொல்லிக்கிட்டே இரு."

வாசலில் விரித்திருந்த சரத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். ராஜலட்சுமி மட்டும் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து, மகளின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, "வா, போலாம்" என்றாள். வழியில் அவர்களோடு யாரும் பேசவில்லை. இட்லிக்கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் கடைக் கதவை அப்போதும் அவள் மந்திரிதான் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிந்த இடத்தில் வெள்ளை ராஜா மட்டும் யாராலும் எடுக்க முடியாமல் நின்றது நின்றபடி இருந்தது. கல்லை அகற்றலாம் என்று பார்த்தால் ராஜாவோடு சேர்த்து எடுக்க வேண்டியிருந்தது, அதற்குச் செயின் பிளாக் போதவில்லை. அதற்கும் ஊர் பழகிக்கொண்டது. அடுத்த முகூர்த்தத்துக்கு மணமேடையை ஓர் அடி தள்ளிப் போட்டார்கள். அதற்கடுத்ததில் மணமக்கள் அதையும் ஒரு சுற்று சுற்றி வந்தார்கள். இப்போது பொட்டும் பூவும் வைக்கிறார்கள். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளை அழைத்துவந்து தொட்டுக் கும்பிடச் சொல்கிறார்கள். பேருந்து நிலையத்து பேனரைக் கோபத்தில் கழற்றப் போனவர்கள் நான்கு மூலைச் சிப்பாய்களையும் அவிழ்க்க முடியாமல் திரும்பினார்கள். வெயிலில் எழுத்து முதலில் போனது. முகம் பிறகு போனது.

அழகுராஜா மகளோடு மூன்று வாரம் பேசவில்லை. கடைக்குப் போனார், வந்தார், தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார். ஒரு சாயங்காலம், கூடத்துக் கதவைச் சாத்துவதற்காக, அது காற்றில் அடிக்காமல் முட்டுக்கொடுத்திருந்த மகளின் பழைய சிப்பாயைக் காலால் தள்ளினார். அது அசையவில்லை. குனிந்து ஒரு கையால் பிடித்தார். பிறகு இரண்டு கையாலும் பிடித்தார். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். தராசில் நிறுத்தபோது பக்கத்தில் இருந்தவர், கிலோ கணக்கை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னவர், அந்த எட்டு மாதத்தில் தன் கையால் ஒரு காயைத் தூக்கிப் பார்த்ததில்லை.

ஹேமதர்ஷினி ஊஞ்சல் பலகையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு கனமா?" என்றார்.

அவள் அடுத்த பட்டாணியை எடுத்தாள்.

"ஏம்மா, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன்பா."

"எப்ப?"

"அஞ்சாவதுல. எட்டாவதுல. தீபாவளிக்கு."

அவர் சிப்பாயை விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தார். அடுக்களையில் எதுவோ அடிப்பிடித்த வாசனை வந்தது. ராஜலட்சுமி அங்கேயே அசையாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மகள் உரித்த பட்டாணி ஒன்று கீழே விழுந்து அப்பாவின் காலடிக்கு உருண்டது. அவர் அதை எடுத்தார். உள்ளங்கையில் வைத்து, கனம் பார்க்கிறவர் போல மேலும் கீழும் அசைத்தார். பிறகு மகளின் முறத்தில் போட்டார். மறுநாள் காலை நாலரை மணிக்கு அலாரம் அடிக்கவில்லை. அவள் பதினொரு மணிவரை தூங்கினாள். கட்டங்கள் வரவில்லை என்று சொல்ல முடியாது; வந்தன, ஆனால் அவற்றில் யாரும் நிற்கவில்லை.

அவள் இப்போது பத்தாம் வகுப்பு முடித்து, பதினொன்றில் வணிகவியல் படிக்கிறாள். எதிலும் முதல் இடம் இல்லை. தோழிகளோடு ஐஸ் சாப்பிடுகிறாள். பிரகதீஸ்வரி வீட்டில் சொல்லிவிட்டாளா என்று தெரியவில்லை.

2025 மே 10, சனிக்கிழமை, செவல்குடி தனலட்சுமி மகாலில் ஏழு வயதுக்குட்பட்டோருக்கான செஸ் போட்டி தொடங்கியது. அறுபது குழந்தைகள் ஆடினார்கள். முப்பது மேசைகளும் கருங்கல்லால் ஆனவை. பெற்றோர் கேட்டுக்கொண்டதன்பேரில் அவ்வாறு போடப்பட்டன.